இடது பக்கம் சாயும் தையல்

தைத்து முடித்த பெல்ட்டைப் பக்கிளோடு பிடித்துத் தொங்கவிட்டு, வலது கண்ணை மூடிக்கொள்வாள். இடது கண்ணால் மேலிருந்து கீழே ஒரு பார்வை, கீழிருந்து மேலே ஒரு பார்வை. பிறகு உதட்டைச் சுழிப்பாள். "இந்த இடத்துல மூச்சு முட்டுது பாரு," என்று ஒரு தையலைக் கட்டைவிரல் நகத்தால் தொடுவாள். இல்லாவிட்டால், "விளிம்பு என்ன, தூங்கி எழுந்த மூஞ்சி மாதிரி இருக்கு?" என்பாள். அவளே போட்ட தையல்தான், அவளே தேய்த்த விளிம்புதான். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பெல்ட்டிடமே சொல்வாள். சொல்லிவிட்டு மரக்கட்டையை எடுத்து, பளபளவென்று இருக்கிற விளிம்பை மறுபடி தேய்க்க ஆரம்பிப்பாள்.

நொட்டையக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் பக்கத்துக் கடையில் பித்தளை முத்திரை வெட்டுகிறவர். எதைப் பார்த்தாலும் நொட்டை சொல்கிறவள், அது ஒன்று. நொட்டாங்கைக்காரி, அது இன்னொன்று. "ஒரே முத்திரையில ரெண்டு பேரு வெட்டிட்டேன், பாத்தீங்களா," என்று பெயர் வைத்த அன்று தெருவெல்லாம் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "பேரு நல்லாத்தான் இருக்கு. கூப்பிடறப்பதான் எச்சில் தெறிக்குது," என்றாள்.

வயது ஐம்பத்திரண்டு. ஒல்லி. எந்நேரமும் உட்கார்ந்தே இருப்பதால் நடக்கும்போதும் பாதி உட்கார்ந்த மாதிரியே நடப்பாள். இரண்டு சுண்டு விரல்களிலும் தோலில் செய்த உறை மாட்டியிருப்பாள். மெழுகு நூலை இரண்டு பக்கமும் சுண்டி இழுக்கும்போது நூல் அறுப்பது அந்த இடத்தைத்தான். உறையைக் கழற்றினால் உள்ளே விரல் வெளுத்துச் சுருங்கி, வேறு யாருடைய விரலோ போல இருக்கும். தைக்காத நேரத்தில் ஊசியை உதட்டில் கவ்விக்கொள்வது வழக்கம். ஊசி பத்திரமாக இருக்கும், பேசவும் வேண்டாம்.

ஆட்களின் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூச்சம். இடுப்பைப் பார்ப்பதில் கூச்சமே இல்லை. தெருவில் போகிற வருகிற யாரையும் அவள் அடையாளம் வைத்திருப்பது பெல்ட்டால்தான். ஒரு பெல்ட்டுக்கு ஐந்து ஓட்டை. "நடு ஓட்டை மனுஷனுக்கு. இந்தப் பக்கம் ரெண்டு நல்லா சாப்பிடற நாளுக்கு. அந்தப் பக்கம் ரெண்டு கஷ்டகாலத்துக்கு," என்பாள். ஒருநாள் தபால்காரர் வந்துவிட்டுப் போன பிறகு தம்பி மனைவியிடம் சொன்னாள்: "தபால்காரரு ரெண்டு ஓட்டை உள்ள போயிட்டாரு. ஒண்ணு, பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கணும். இல்லேன்னா, சக்கரை வந்திருக்கணும்." பத்து நாள் கழித்து விசாரித்ததில் இரண்டுமே உண்மை என்று தெரிந்தது. "ஓட்டைக்கு ஒண்ணு," என்றாள் நொட்டையக்கா.

கடை தெருவைப் பார்த்து இருக்கிறது. கண்ணாடிக் கதவு, கண்ணாடி மேசை, கம்பியில் வரிசையாகத் தொங்கும் பெல்ட்டுகள், சுழல் நாற்காலியில் தம்பி. அவனுக்குப் பின்னால் கூரை வரைக்கும் பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள். ஜன்னல் உண்டு, திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர் கைக்கு எட்டும். தடுப்பின் நடுவே இடுப்பு உயரத்தில், டிக்கெட் கொடுக்கிற இடம் போல ஒரு சதுரத் துவாரம். தம்பி வெட்டிய தோல் வாரை அதன் வழியாக உள்ளே தள்ளுவான். அவள் தைத்த பெல்ட்டை அதன் வழியாகவே வெளியே தள்ளுவாள். கடையில் ஆள் இருந்தால் தம்பி திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டி, தன் மடியிலிருந்து எடுப்பது போல எடுப்பான்.

"மாஸ்டர் கை வச்சா தனிதான்," என்பார்கள் வந்தவர்கள். தம்பி தலையைக் குனிந்துகொள்வான். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

தம்பியை ஒன்றும் தெரியாதவன் என்று தள்ளிவிட முடியாது. அவனுக்குத் தோல் தெரியும். விரித்த தோலின்மேல் உள்ளங்கையை ஓட்டி, மாடு எந்தப் பக்கமாகப் படுக்கும், எங்கே உண்ணி கடித்தது, எங்கே முள்கம்பி கிழித்தது என்று சொல்வான். அளவுகோல் வைக்காமல் நாலடிக்கு வார் வெட்டுவான்; நூல் பிடித்த மாதிரி இருக்கும். ஆளையும் தெரியும். கஞ்சனிடம் எந்தப் பக்கிளைக் காட்ட வேண்டும், கஞ்சனின் மனைவியிடம் எந்தப் பக்கிளைக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஊசிதான் தெரியாது. ஊசியைத் தொட்டால் உள்ளங்கை வியர்க்கும். வியர்வை பட்ட இடத்தில் தோல் கறுத்துவிடும்.

அப்பா காலத்தில், அவர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் மகன் உட்கார்ந்திருந்தான், தொழிலைக் கற்றுக்கொள்ள. எதிரில் மகள், நூலுக்கு மெழுகு தேய்க்க. ஐந்தாம் வகுப்பு டீச்சர் அவள் இடது கையில் அடித்த அடியில் ஸ்கேல்தான் உடைந்தது, கை மாறவில்லை. அதோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திக்கொண்டு கடைக்கு வந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தவன் தெருவைப் பார்த்தான். எதிரில் உட்கார்ந்தவள் அப்பாவின் கையைப் பார்த்தாள். கண்ணாடியில் பார்ப்பது போல, அவருடைய வலது கை அவளுடைய இடது கைக்கு நேராக இருந்தது. யாரும் சொல்லித் தராமலே கையில் ஏறிவிட்டது. பதினேழு வயதில், ஒரு அவசரத்துக்கு அவளைத் தைக்கச் சொன்னார் அப்பா. தைத்ததை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் தச்சரைக் கூப்பிட்டுப் பலகைத் தடுப்பு அடித்தார்.

"பீச்சாங்கையால தச்சதுன்னு தெரிஞ்சா எவன் இடுப்புல கட்டுவான்?" என்றார்.

அப்பா போய்ச் சேர்ந்து இருபது வருடம் ஆகிறது. தடுப்பு இருக்கிறது. கடைக்கு மேலேயே வீடு. தம்பி, தம்பி மனைவி, அவள். கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்து, வந்த வழியே போயிற்று. சாப்பிட உட்காரும்போது எப்போதாவது, எந்த முகாந்திரமும் இல்லாமல், தட்டைப் பார்த்துச் சொல்வாள்: "சோறு திங்கிற கைக்குத்தான் சோத்தாங்கைன்னு பேரு. சோறு போடற கைக்கு வேற பேரு."

தம்பி மனைவி சிரிப்பாள். தம்பி இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்பான்.

அவள் தையல் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே மரக் கவ்வி, கவ்வியில் வார். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி. குத்தூசியால் ஒரு ஓட்டை போட்டதும் இரண்டு ஊசியும் எதிரெதிராக அதே ஓட்டையில் புகுந்து வெளியே வரும். குத்தூசியின் முனை உருண்டை இல்லை, சின்னக் கத்தி போலத் தட்டை. அதனால் ஓட்டை வட்டமாக விழாது, சாய்ந்த கீறலாக விழும். நூல் அந்தச் சாய்விலேயே போய்ப் படுக்கும். மற்றவர்கள் வலது கையால் குத்துகிறவர்கள். அவர்கள் தையல் வலது பக்கம் சாயும். நொட்டையக்காவின் தையல் இடது பக்கம் சாயும். ஒரு பெல்ட்டுக்கு ஐந்நூறு தையல். ஐந்நூறும், காற்று ஒரே பக்கமாக அடிக்கிற வயலில் பயிர் சாய்ந்தது போல, ஒரே சாய்வு.

வெளியூரில் விலை உயர்ந்த சாமான்கள் விற்கிற கம்பெனி ஒன்று இரண்டு வருடமாக இவர்களிடம் பெல்ட் வாங்குகிறது. இந்த வருடம் அவர்களுக்குப் புதிதாக ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு பெல்ட்டையும் ஒரு பெட்டியில் வைத்து, கூடவே ஒரு அட்டையும் வைப்பார்களாம். அட்டையில் என்ன அச்சடிக்கப் போகிறார்கள் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். தம்பி அதைத் துவாரத்துக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சத்தமாகப் படித்தான்.

"'நான்கு தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கைகளில் வாழும் பாரம்பரியம்.'"

"நாலு தலைமுறையா? தாத்தா பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சவருடா."

"கிழிச்சதும் கையாலதானே?"

"அதுக்கு மேல ஒருத்தரு வேணுமே."

"அதுக்கு மேல யாருன்னு நமக்கே தெரியாது. தெரியாத ஆளு பெல்ட் தைக்கலேன்னு யாரு சொல்ல முடியும்?"

நொட்டையக்கா சிரித்ததில் உதட்டிலிருந்த ஊசி கீழே விழுந்தது. குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது தம்பி கடைசி வரியைப் படித்தான்: "'ஒவ்வொரு பெல்ட்டின் உட்புறத்திலும், அதைத் தைத்த கையின் முத்திரை.'"

ஊசியைத் தேடிய கை நின்றது. தம்பி இன்னொரு தடவை படிப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தோல் வியாபாரிக்குப் போன் போட்டான்.

அன்று மதியம் ஒரு கழிவுத் துண்டை எடுத்து, தன் பெயரின் முதல் எழுத்தைக் குத்தூசியால் புள்ளி புள்ளியாகக் குத்தினாள். நொட்டையக்கா, நொட்டையக்கா என்று கேட்டே பழகிப்போனதில், சொந்தப் பெயரின் முதல் எழுத்தை ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தது. குத்திய புள்ளிகளில் நூலைக் கோத்தாள். நகத்தளவு எழுத்து. நன்றாகவே வந்திருந்தது. வாயால் கேட்க அவளால் ஆகாது. தைத்து முடித்த இரண்டு பெல்ட்டுக்கு நடுவே அந்தத் துண்டையும் வைத்துத் துவாரத்தில் தள்ளினாள்.

சாயங்காலம் அடுத்த வாரோடு அந்தத் துண்டும் திரும்பி வந்தது. விளிம்புக்குப் பூசும் சாயம் சரியாகக் கலந்திருக்கிறதா என்று தம்பி அதில் தொட்டுப் பார்த்திருந்தான். எழுத்தின்மேலேயே கறுப்பாக இரண்டு கோடு.

மறுநாள் முத்திரை வெட்டுகிறவர் கடைக்கு வந்தார். பேச்சு தடுப்பைத் தாண்டிக் கேட்டது.

"யாரு எழுத்து மாஸ்டர்?"

"என் எழுத்துதான். வேற யாரு எழுத்து?"

"பித்தளை கொஞ்சம் மிச்சம் இருக்கு. அக்காவுக்கும் சின்னதா ஒண்ணு வெட்டிடட்டுமா?"

"உள்ளேயே கெடக்கறவளுக்கு விலாசம் எதுக்குங்க?"

தம்பி சிரித்தான். முத்திரை வெட்டுகிறவர் கொஞ்சம் தாமதித்துச் சிரித்தார்.

அன்று முழுக்க ஒரு பெல்ட்டுக்கும் அவள் நொட்டை சொல்லவில்லை.

கம்பெனிக்காரர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நாற்பது பெல்ட் தயாராகிவிட்டது. முத்திரை குத்துவது மட்டும் பாக்கி. மாஸ்டர் தைப்பதை ஒரு நிமிடம் படம் எடுத்து எல்லோருக்கும் காட்டப்போவதாக முன்பே சொல்லியிருந்தார்கள். அதற்காகத் தம்பி ஒரு வாரமாக மதியத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கழிவுத் தோலில் தைத்துப் பழகியிருந்தான். குத்தூசி தோலுக்குள் இறங்குகிற சத்தத்திலேயே கை தடுமாறுவது அவளுக்குத் தெரிந்தது. "நூலை மெழுகுல இன்னும் ரெண்டு இழுப்பு இழு," என்று துவாரம் வழியாக ஒரே ஒரு தடவை சொன்னாள். அவன் இழுத்துக்கொண்டான்.

கம்பெனிக்காரர் சின்ன வயதுக்காரர். மரியாதையானவர். தம்பியை வெளிச்சம் படுகிற இடத்தில் உட்காரவைத்து, கவ்வியை முழங்காலுக்கு நடுவே வைக்கச் சொல்லி, போனை நீட்டினார். தம்பி பதினைந்து தையல் தைத்தான். ஒரு வாரப் பழக்கத்துக்கு மோசமில்லை.

"அருமை மாஸ்டர். கம்பியில தொங்கற நம்ம பெல்ட்டுல ஒண்ணு எடுத்துப் பக்கத்துல வைங்க. ரெண்டையும் சேர்த்து ஒண்ணு எடுத்துக்கறேன்."

எடுத்து வைத்தான். கம்பெனிக்காரர் போனை நெருக்கமாகக் கொண்டுபோனார். பிறகு போனைத் தாழ்த்திவிட்டுக் கண்ணாலேயே பார்த்தார்.

"மாஸ்டர், இது இந்தப் பக்கம் சாயுது. நீங்க இப்ப தச்சது அந்தப் பக்கம் சாயுது."

தம்பி இரண்டையும் பார்த்தான். முப்பத்தைந்து வருடமாகத் தன் கை வழியாகப் போகிற தையல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அவன் அன்றைக்குத்தான் கவனித்தான்.

"இந்த நாப்பதையும் தச்சது யாரு மாஸ்டர்?"

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டதுதான். தம்பி உள்ளங்கையைப் பேண்டில் துடைத்தான். மறுபடி துடைத்தான். டீ கொண்டுவந்த தம்பி மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. "அது வந்து, உள்ள அண்ணி..." என்று ஆரம்பித்துவிட்டு, புருஷனின் கண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

கம்பெனிக்காரர் அவள் பார்வை போன திசையில் தடுப்பைப் பார்த்தார், துவாரத்தைப் பார்த்தார். வந்து குனிந்து உள்ளே எட்டினார்.

"வணக்கம்மா. நீங்களா தைக்கிறீங்க?"

அவர் குனிவதற்கு முன்பே நொட்டையக்கா துவாரத்தில் அவர் இடுப்பைப் பார்த்திருந்தாள். மெஷினில் அடித்த பெல்ட். தோலே இல்லை, அட்டைமேல் ரெக்சின் ஒட்டியது. ஓரத்தில் உரிந்திருந்தது. சாதாரணமாக என்றால் அதற்கே அவள் நாலு நொட்டை சொல்லியிருப்பாள். ஊசியை உதட்டிலிருந்து எடுத்தாள். ஆமா என்றால் போதும். இரண்டே எழுத்து. கவ்வியில் இருக்கிற வாரைக் காட்டினால் அதுகூட வேண்டாம். அவர் தோளுக்குப் பின்னால் தம்பி தெரிந்தான். காது மடல் சிவந்து, பிடித்த ஊசியைக் கீழே வைக்கவும் தெரியாமல், ஒரு விரல் நுனியில் ரத்தம் மொட்டுவிட்டு, இவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தம்பிதாங்க தைப்பான்," என்றாள். "நான் விளிம்பு தேய்க்கிறதோட சரி."

அத்தனை வருடமும் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில். அவள் யோசித்து முடிப்பதற்குள் வாய் அதைச் சொல்லிவிட்டது.

தம்பிக்கு மூச்சு வந்தது. "அது ஒண்ணுமில்ல சார், கவ்வியைத் திருப்பிப் போட்டுத் தச்சா அப்படி விழும்," என்றான். கம்பெனிக்காரர் நம்பினாரோ என்னவோ, தலையாட்டினார். திருப்பிப் போட்டு இன்னொரு படம் எடுக்கலாம் என்றதற்குத் தம்பி ரத்தம் வந்த விரலைக் காட்டினான்; படமோ அன்றைக்கே போயாக வேண்டும். ஆனால் படத்தில் ஒரு சாய்வும் பெட்டிக்குள் ஒரு சாய்வும் இருந்தால் வாங்குகிறவர்கள் கேள்வி கேட்பார்கள். வேறு தோலில் செய்யலாம் என்றால், அந்த நிறத்தில், அந்தத் தடிமனில் தோல் மறுபடி கிடைக்க ஆறு மாதம் ஆகும். "இந்த நாப்பதையும் பிரிச்சு, படத்துல இருக்கிற மாதிரி தச்சுக் குடுத்துடுங்க மாஸ்டர். ரெண்டு மாசம் டைம் எடுத்துக்குங்க. இல்லேன்னா என்னால இதை எடுக்க முடியாது."

"அதுக்கென்ன சார், நூல்தானே. மாத்திடலாம்," என்றான் தம்பி.

கண்ணாடிக் கதவு சாத்திய சத்தம் அடங்கியதும் துவாரத்தில் தம்பியின் முகம் வந்தது.

"ஏன்க்கா அப்படிச் சொன்னே?"

"எப்படிச் சொன்னேன்?"

"நீதான் தைக்கிறேன்னு சொல்லியிருந்தா நான் இல்லேன்னா சொல்லப்போறேன்?"

"முதல்ல உன்கிட்டதானேடா கேட்டாரு."

"நான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

"முப்பத்தஞ்சு வருஷமாவா?"

"ரெண்டு பேரும் மெதுவா பேசுங்க. தெருவுக்குக் கேக்குது," என்றாள் தம்பி மனைவி. அவளுக்கும் அழுகை வரும் போலிருந்தது. ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

தம்பி குரலைத் தணித்துக்கொண்டான். "சரி, நடந்தது நடந்துபோச்சு. நீ நாப்பதையும் பிரிச்சுக் குடு. முதல் ரெண்டை நான் தைக்கிறேன். அதைப் பாத்துக்கிட்டு நீ அதே மாதிரி மீதியைத் தச்சுடு. சோத்தாங்கையால பழகிக்கோ. ரெண்டு மாசத்துல வராதா என்ன?"

"தம்பி, அந்த ஓட்டை..."

"இப்ப வந்து நொட்டை சொல்லாதேக்கா!"

ஊசியை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டாள்.

துணியில் தையலைப் பிரித்தால், ஒரு தடவை துவைத்ததும் ஓட்டை மூடிக்கொள்ளும். தோலில் மூடாது. உயிருள்ள தோலுக்குத்தான் புண் ஆறும். குத்தூசி இடது பக்கம் சாய்த்துப் போட்ட கீறல், நூல் போன பிறகும் இடது பக்கம் சாய்ந்தபடியே திறந்து கிடக்கும். யார் வந்து எந்தக் கையால் எந்த நூலைக் கோத்தாலும் அதில் போய் அப்படியே படுக்கும். ஊசி பிடிக்கிறவர்களுக்கு இது முதல் வருடத்திலேயே தெரிந்துவிடும். நூல்தானே என்று சொல்ல, ஊசி பிடிக்காத ஒருவனால்தான் முடியும்.

ஐந்து நாள் பிரித்தாள். கூரான பிளேடு முனையை ஒவ்வொரு தையலுக்கு அடியிலும் விட்டு அறுத்து, நகத்தால் நூலை உருவினாள். தோலில் ஒரு கீறல் படவில்லை. பிரிக்கும்போது ஒவ்வொரு பெல்ட்டையும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. இது தைக்கும்போது கை வீங்கியிருந்தது. இது தைக்கும்போது மழை. இது அந்த அட்டையைத் தம்பி படித்த அன்று தைத்தது. அந்த ஒன்றில் தையல் மற்றதைவிட ஒரு மயிரிழை நெருக்கமாக இருந்தது. "அவசரம்," என்று அதனிடம் சொல்லிவிட்டு அதையும் அறுத்தாள். தம்பி மனைவி ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் ஒண்ணு பிரிக்கட்டுமா அண்ணி?" என்று கேட்டாள். "வேணாம்மா. உனக்கு இதுல ஒண்ணும் இல்லே," என்றாள் நொட்டையக்கா.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. மதியம் சாப்பிட்டுவிட்டுத் தம்பி தடுப்புக்கு உள்ளே வந்தான். அவன் அங்கே வந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. நுழையும்போது சட்டத்தில் தலையை இடித்துக்கொண்டான். அவள் எழுந்து இடம் விட்டாள். அவள் முக்காலியில் உட்கார்ந்து, அவள் கவ்வியை முழங்காலுக்கு நடுவே வைத்து, பிரித்த பெல்ட்டுகளில் மேலே இருந்ததை எடுத்து மாட்டினான். ஊசி கோக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்துத் தையல் தைத்தான். நிமிர்த்திப் பார்த்தான்.

பத்தும் இடது பக்கம் சாய்ந்திருந்தது.

பிரித்தான். ஊசியை மாற்றிப் பிடித்து, நூலை வலது பக்கமாக இழுத்து இழுத்துத் தைத்தான். பார்த்தான். இடது பக்கம்தான்.

"என்னக்கா இது? இந்தப் பக்கமே போகுது?"

"ஓட்டை என்னுதுடா."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அடுக்கி வைத்திருந்த மீதிப் பெல்ட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். நாற்பதும் வாயைத் திறந்துகொண்டு ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன.

"அப்ப நீயே தச்சா?"

"நான் தச்சாலும் இப்படித்தான். எவன் தச்சாலும் இப்படித்தான்."

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

கேட்டுவிட்டு, பதில் என்ன என்பது அவனுக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டான். "போன் பண்ணி அவருகிட்ட உண்மையைச் சொல்லிடட்டுமா?" என்றான், பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே. அவள் சொல்லு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிறகு போனை எடுக்காமல் ஊசியையே எடுத்தான். எப்படியாவது ஒரு தையலாவது மறுபக்கம் சாய்ந்துவிடாதா என்று குனிந்து, நூலைப் பல்லால் கடித்து இழுத்தான். உள்ளங்கை வியர்த்து, பிடித்த இடத்தில் தோல் கறுக்க ஆரம்பித்தது. எந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியவில்லை. மேசைமேல் இருந்த விளக்கு அவனுக்கு வலது பக்கம் நின்றது. இடது கையால் தைக்கிறவளுக்காக வைத்த விளக்கு. வலது கையால் தைக்கிறவனின் கை நிழலைக் கொண்டுபோய்த் தையல்மேலேயே போட்டது.

நொட்டையக்கா விளக்கைக் கழுத்தோடு தூக்கினாள். வயர் தட்டாமல் தம்பியின் முதுகுக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து, அவனுக்கு இடது பக்கம் வைத்தாள். வெளிச்சம் சரியாகத் தையல்மேல் விழுகிற வரைக்கும் அதன் தலையை அழுத்தித் தாழ்த்தினாள்.